எல்லாமே மூலம் இல்லீங்க! வாசகர் கேள்வி, டாக்டர் பதில்

போன மாசம் இதே பக்கத்துல மூலத்த பத்தி நாலு வரி எழுதியிருந்தேன், அதுக்கு வந்த கடிதங்களையும் வாட்ஸ்அப் மெசேஜையும் பாத்தா தல சுத்துது. எல்லாரும் "எனக்கு மூலம்"னுதான் ஆரம்பிக்கிறாங்க, ஆனா உள்ள படிச்சா பாதிக்கு மேல மூலமே இல்ல, ஆசனவாய்ல வர்ற வெடிப்பு. நாங்க ஃபிஷர்னு சொல்லுவோம். அதனால இந்த தடவ முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன். பேரு போட வேணாம்னு எல்லாருமே கேட்டிருக்கீங்க, போடல.

வயசு 29. பனியன் கம்பெனில கட்டிங் மாஸ்டரா இருக்கேன். ரெண்டு மாசமா மோஷன் போறப்ப கண்ணாடி ஓடு வச்சு கிழிக்கிற மாதிரி வலி, போயிட்டு வந்தப்புறமும் ரெண்டு மணி நேரம் எரிச்சல் அடங்க மாட்டேங்குது. ரெண்டு மூணு சொட்டு ரத்தமும் வருது. மெடிக்கல்ல மூலத்துக்குன்னு ஒரு ஆயின்ட்மெண்ட் குடுத்தாங்க, போட்டா அரை மணி நேரம் மரத்து போகுது, அப்புறம் பழையபடி. பயத்துல ரெண்டு நாளைக்கு ஒரு தடவதான் போறேன். இது மூலம்தானே டாக்டர்? – திருப்பூர் வாசகர்

தம்பி, நேர்ல பாக்காம நூத்துக்கு நூறு சொல்ல முடியாது, ஆனா நீங்க எழுதியிருக்கறத எங்க மெடிக்கல் காலேஜ் பசங்ககிட்ட குடுத்தா கூட ஃபிஷர்னு எழுதிடுவாங்க. சாதாரண உள்மூலத்துல ரத்தம் வரும், சில பேருக்கு குழாய் தொறந்த மாதிரி கூட கொட்டும், ஆனா வலி இருக்காது. வெளிமூலத்துல ரத்தம் உறைஞ்சு திடீர்னு திராட்சை மாதிரி ஒரு கட்டி வந்தா வலிக்கும், ஆனா அது நாள் பூரா வலிக்கும், மோஷன் போனாலும் போகலன்னாலும். பௌத்திரம்னா பக்கத்துல ஒரு ஓட்டை இருந்து சீழ் கசியும். உங்களுக்கு இருக்கறது வேற தினுசு, போறப்ப கிழிக்குது, கொஞ்ச நேரம் விடுது, அப்புறம் இறுக்கி புடிச்சு மணிக்கணக்கா வலிக்குது. அந்த ரெண்டாவது வலிதான் இந்த வியாதியோட கையெழுத்து.

அது ஏன்னு கொஞ்சம் விளக்கமா சொல்றேன், ஏன்னா இது புரிஞ்சிட்டா மத்த எல்லாமே புரிஞ்சிரும். பாட்டிங்க இடுப்புல சொருகி வச்சிருக்கற சுருக்குப்பை பாத்திருப்பீங்க, ஆசனவாயும் அது மாதிரிதான், சுத்தி ரெண்டு தசை வளையம். வெளிய இருக்கறது நம்ம சொல்பேச்சு கேக்கும், பஸ்ல போறப்ப அடக்கிக்கிறோமே அது. உள்ள இருக்கறது நம்ம பேச்ச கேக்காது, தானா இறுகும் தானா தளரும். கெட்டியான மலம் போறப்ப உள்தோல்ல ஒரு சின்ன கீறல் விழுது, முக்காவாசி பின்பக்கமா, முதுகுத்தண்டு பக்கம் பாத்த மாதிரி. கீறல் வலிக்க வலிக்க உள் வளையம் பயந்துபோய் இறுகிக்குது, இறுகினா அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் கொறையுது (பின்பக்க நடுவுல ஏற்கனவே ரத்த ஓட்டம் கம்மி), ரத்தம் போகலன்னா புண்ணு ஆறாது, ஆறாத புண்ணு மறுநாள் திரும்ப கிழியுது. நீங்க பயந்து அடக்குறீங்க, அடக்க அடக்க மலம் இன்னும் காஞ்சு கல்லாகுது. செக்கு மாடு மாதிரி சுத்திக்கிட்டே இருக்கும்.

அதனால வைத்தியம்னா ரெண்டே விஷயம்தான், மலம் இளகணும், அந்த உள் வளையம் தளரணும். மரத்துப்போற ஆயின்ட்மெண்ட் இது ரெண்டையுமே செய்யாது, நேரத்த ஓட்டும் அவ்ளோதான். அதுல சிலதுல ஸ்டீராய்டும் சேந்திருக்கும், மாசக்கணக்கா போட்டா அந்த இடத்து தோல் மெலிஞ்சு போகும், ஏற்கனவே கிழிஞ்ச தோல இன்னும் மெலிசாக்கி என்ன பிரயோஜனம் சொல்லுங்க.

இன்னைக்கே ஆரம்பிக்க வேண்டியது, ராத்திரி சாப்பிட்டப்புறம், படுக்கறதுக்கு கொஞ்ச நேரம் முன்னாடியே, இசப்கோல் (மலத்த இளக்குற நார்ச்சத்து தூள்) ஒரு பெரிய ஸ்பூன், ஒரு முழு டம்ளர் தண்ணில போட்டு கலக்கி உடனே குடிச்சிட்டு மேல இன்னொரு டம்ளர் தண்ணி. தண்ணி இல்லாம இசப்கோல் சாப்பிட்டா அது உள்ளயே பிசின் மாதிரி ஆகி இன்னும் கஷ்டப்படுத்தும், இத யாரும் சொல்லி குடுக்கறதில்ல. ஷிஃப்ட்ல கட்டிங் டேபிளுக்கு கீழ ஒரு 2 லிட்டர் பாட்டில் வச்சுக்கோங்க, வீட்டுக்கு போறதுக்குள்ள காலி பண்ணணும். மோஷன் போனதும் ஒரு அகலமான பிளாஸ்டிக் பேசின்ல வெதுவெதுப்பான தண்ணி ஊத்தி 10, 15 நிமிஷம் உக்காருங்க, குழந்தைக்கு ஊத்துற சூடு போதும், முழங்கைய விட்டு பாத்துட்டு உக்காருங்க. டெட்டால் ஊத்தாதீங்க, ஒருத்தர் ஊத்திட்டு தோல் உரிஞ்சு வந்து நின்னார். வெந்நீர்ல உக்கார்றது புண்ண கழுவுறதுக்கு இல்ல, அந்த வளையம் தளர்றதுக்கு. புதுசா வந்த வெடிப்புல பாதி பேருக்கு இதுலயே ஆறிடும். உங்களுக்கு ரெண்டு மாசம் ஆயிருச்சு, அதனால ஒரு சர்ஜன பாத்து தசைய தளர்த்துற ஆயின்ட்மெண்ட் எழுதி வாங்கிக்கோங்க. வலி அதிகமா இருக்கப்ப உள்ள விரல் விட்டோ கருவி விட்டோ பாக்கணும்னு அவசியமே இல்ல, லேசா விலக்கி பாத்தாலே கீறல் தெரியும், "இப்ப வேணாம் டாக்டர், வலி கொறஞ்சதும் பாருங்க"ன்னு தைரியமா சொல்லலாம்.

எனக்கு டில்டியாசெம் ஆயின்ட்மெண்ட் எழுதி குடுத்தாங்க. பத்தே நாள்ல வலி போயிருச்சு, நிறுத்திட்டேன். ஒரு மாசத்துல திரும்ப வந்திருச்சு. இப்ப இது மூணாவது ரவுண்டு. நெட்ல பாத்தா இது பிபி மருந்துன்னு போட்டிருக்கு, எனக்கு பிபியே கெடையாது, தப்பா குடுத்துட்டாங்களா? – சோழிங்கநல்லூர்ல இருந்து ஒரு ஐடி ஊழியர்

தப்பா குடுக்கல. ரத்தக்குழாய் சுவத்துல இருக்கற தசையும் அந்த உள் வளையமும் ஒரே ஜாதி தசை, அத தளர்த்துனா இதுவும் தளரும். மாத்திரையா சாப்பிட்டா பிபி கொறையும், 2 சதவீத களிம்பா அந்த இடத்துல மட்டும் தடவினா வளையம் தளரும், ரத்த ஓட்டம் வரும், புண்ணு ஆறும்.

தப்பு எங்கன்னா, நீங்க நிறுத்தினதுல. வலி போறது மொதல்ல, புண்ணு ஆறறது ரொம்ப பின்னாடி. பத்து நாள்ல வலி போச்சுன்னா வளையம் தளர்ந்திருக்கு, அவ்ளோதான் அர்த்தம், மேல ஒரு மெல்லிசான தோல்தான் மூடியிருக்கும், ஒரு ஞாயித்துக்கிழம பிரியாணி, திங்கக்கிழம தண்ணி குடிக்காத மீட்டிங், செவ்வாக்கிழம கெட்டியா ஒரு மோஷன், முடிஞ்சது கதை. நான் ஒவ்வொரு சீட்டுலயும் 6 டு 8 வாரம்னு எழுதி அடியில ரெண்டு கோடு போடுறேன், அப்பவும் மூணாவது வாரத்துல நிறுத்திட்டு நாலாவது மாசம் வந்து "டாக்டர் உங்க மருந்து வேல செய்யல"ன்னு சொல்றவங்க நெறய பேர். வலியே இல்லன்னாலும் தடவணும். இசப்கோல அதுக்கப்புறமும் ரெண்டு மூணு மாசம் நிறுத்தாதீங்க.

தடவுறதுலயும் ஒரு விஷயம் இருக்கு. டியூப்ப நேரா உள்ள சொருகி பிதுக்க சொல்லல. கைய கழுவிட்டு பட்டாணி அளவு எடுத்து, ஆசனவாய் விளிம்ப சுத்தி, கொஞ்சமே கொஞ்சம் உள்பக்கமா, காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு. திரும்ப கைய கழுவிடுங்க. அரிப்போ எரிச்சலோ ரொம்ப வந்தா டாக்டர்கிட்ட சொல்லுங்க, மாத்தி தருவாங்க. இதுக்கு அண்ணன் மாதிரி இன்னொன்னு இருக்கு, நைட்ரோகிளிசரின் களிம்பு, அதுவும் வேல செய்யும் ஆனா தலவலி மண்டைய பொளக்கும், அதனாலதான் நான் டில்டியாசெம்ல ஆரம்பிக்கிறேன். அந்த நைட்ரோகிளிசரின் தடவுறவங்க வயாக்ரா வகை மாத்திரைய தொடவே கூடாது, பிபி தடால்னு விழுந்திரும், வெக்கப்பட்டு டாக்டர்கிட்ட மறைக்காதீங்க.

இன்னொன்னு கேக்கணும், நீங்க எழுதல ஆனா எனக்கு தெரியும். டாய்லெட்டுக்கு போன் எடுத்துட்டு போறீங்கல்ல? மோஷன் ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிரும், ரீல்ஸ் முடியாது. அரை மணி நேரம் அந்த ஓட்டை மேல உக்காந்தா கீழ எல்லாம் ரத்தம் தேங்கி வீங்கும், முக்கவும் செய்வீங்க. போன வெளிய வச்சிட்டு போங்க, அஞ்சு நிமிஷத்துல வரலன்னா எழுந்து வந்திருங்க, திரும்ப உணர்வு வர்றப்ப போலாம். வெஸ்டர்ன் டாய்லெட்னா காலுக்கு கீழ ஒரு குட்டி ஸ்டூல் போட்டு முழங்கால இடுப்புக்கு மேல தூக்கி வைங்க, நம்ம பழைய குந்துற பேசின்ல உக்கார்ற மாதிரி வந்திரும், முக்க வேண்டிய வேலை கொறையும்.

சிக்கன் சாப்பிட்டா உடம்பு சூடாகி வெடிப்பு வருமா? – திண்டுக்கல்

சிக்கன் மேல பழி போடாதீங்க, சிக்கன்ல நார்ச்சத்து கெடையாது, அதுதான் பிரச்சனை. பரோட்டா, சால்னா, சிக்கன், எதுலயும் நார் பெருசா இல்ல, மூணு வேளையும் அப்படியே போனா மலம் கல்லாகாம என்ன செய்யும். சாப்பிடுங்க, கூட அவரைக்காயோ கீரையோ ரெண்டு கரண்டி, அப்புறம் ஒரு கொய்யாப்பழம் தோலோட. காரம் புண்ண உண்டாக்காது, ஆனா இருக்கற புண்ணு மேல போறப்ப எரியும், ஆறுற வரைக்கும் கொறச்சுக்கோங்க.

எனக்கு குழந்த பொறந்து 50 நாள் ஆகுது. நார்மல் டெலிவரி. வீட்ல பத்திய சாப்பாடுதான், பூண்டு கொழம்பு, சுறா புட்டு, காயெல்லாம் ஆகாதுன்னு குடுக்கறதில்ல, தண்ணி குடிச்சா வயிறு போட்ரும்னு அளந்துதான் தர்றாங்க. மோஷன் போறது பிரசவத்த விட வலிக்குது டாக்டர், சத்தியமா. அம்மாகிட்ட சொன்னா எல்லாருக்கும் அப்படித்தான்னு சொல்றாங்க. பால் குடுக்கறதால மருந்து போட பயமா இருக்கு. – தஞ்சாவூர் பக்கத்துல இருந்து

பிரசவத்த விட வலிக்குதுன்னு நீங்க மட்டும் இல்லம்மா, எத்தனையோ பேர் என்கிட்ட இதே வார்த்தைய சொல்லியிருக்காங்க, நான் நம்புறேன். பிரசவத்துக்கு அப்புறம் வர்ற வெடிப்பு பெண்களுக்கு முன்பக்கமா கூட வரும், ரொம்ப சகஜம், ஆனா சகஜம்ங்கறதுக்காக பொறுத்துக்கணும்னு இல்ல.

உங்க அம்மாவ கூப்பிட்டு இத படிச்சு காட்டுங்க. அம்மா, பூண்டும் சுறா புட்டும் நல்லாவே குடுங்க, நான் வேணாம்னு சொல்லல. ஆனா பால் குடுக்கற பொண்ணுக்கு தண்ணி அளக்காதீங்க, அவ குடிக்கிற தண்ணிதான் பாலாவும் போகுது, மிச்சம் இல்லன்னா குடல் மலத்துல இருந்து கடைசி சொட்டு வரைக்கும் உறிஞ்சிக்கும். தண்ணி குடிச்சா வயிறு பெருசாகாது, கர்ப்பப்பை சுருங்குறதுக்கும் வயித்து தசைக்கும் தண்ணிக்கும் சம்பந்தமே இல்ல. பீர்க்கங்காய், சுரைக்காய், முருங்கக்கீரை எல்லாம் குடுங்க, குழந்தைக்கு ஒண்ணும் பண்ணாது.

அப்புறம் டிஸ்சார்ஜ்ல குடுத்த இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டுட்டு இருப்பீங்க, மலம் கருப்பா கெட்டியா வர்றதுக்கு அதுவும் ஒரு காரணம். நிறுத்திடாதீங்க, ரத்தசோகைய வச்சுக்கிட்டு பிள்ள வளக்க முடியாது, டாக்டர்கிட்ட சொன்னா வேற வகைக்கு மாத்தி தருவாங்க. இசப்கோலும் மலம் இளக்குற லாக்டுலோஸ் சிரப்பும் பால் குடுக்கறப்ப தாராளமா எடுக்கலாம், ரெண்டும் ரத்தத்துல சேர்றதே கெடையாதுன்னு சொல்லலாம். வெந்நீர் பேசினும் உண்டு. தசை தளர்த்துற களிம்ப மட்டும் நீங்களா வாங்கி போடாதீங்க, பால் குடுக்கற விஷயத்த சொல்லிட்டு டாக்டர் சொன்னா போடுங்க. குழந்தைய தூக்கிட்டு உக்காரவே முடியலன்னா ஒருக்களிச்சு படுத்துக்கிட்டே பால் குடுங்க.

என் பையனுக்கு மூணு வயசு. மோஷன் வந்தா கதவுக்கு பின்னாடி போய் நுனிக்கால்ல நின்னு, கால பின்னிக்கிட்டு, மூஞ்செல்லாம் செவந்து அழறான். முக்குறான்னு நெனச்சோம். வந்தா ரத்தம் ஒட்டிக்கிட்டு வருது. சாப்பாடே எறங்கல, பால் மட்டும் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் குடிக்கிறான். – மதுரை

அவன் முக்கல, அடக்குறான். இத அப்பா அம்மா முக்காவாசி பேர் தப்பா புரிஞ்சுக்கறாங்க. ஒரு தடவ வலிச்சுது, இனிமே போகவே கூடாதுன்னு அந்த பிஞ்சு முடிவு பண்ணியிருக்கு, பெரியவங்களும் அதையேதான் பண்றாங்க. பால அரை லிட்டருக்கு கீழ கொண்டு வாங்க, வயிறு காலியானா சாப்பாடு எறங்கும். குழந்தை டாக்டர்கிட்ட காட்டி மலம் இளகுற சிரப் வாங்குங்க, அத வாரக்கணக்கா, சில சமயம் மாசக்கணக்கா குடுக்க வேண்டி வரும், "பழகிடும்"னு பயந்து நிறுத்தாதீங்க, வலி மறந்து போற வரைக்கும் குடுக்கணும். வெத்தலக் காம்பு, சோப்புத்துண்டு இதெல்லாம் உள்ள வைக்கவே வேணாம், ஏற்கனவே கீறல் இருக்கற இடம். சாப்பிட்டு முடிச்சு பத்து நிமிஷம் கழிச்சு காலுக்கு ஒரு பலகை வச்சு உக்கார வைங்க, வந்தாலும் வரலன்னாலும் திட்டாதீங்க.

வயது 58. பத்து வருடமாக மூலம் உள்ளது. கருணைக்கிழங்கும் துத்திக் கீரையும் சாப்பிட்டுக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தேன். நான்கு மாதமாக ரத்தம் மலத்தோடு கலந்து வருகிறது, வலி இல்லை. எடையும் ஆறு கிலோ குறைந்துள்ளது. என்ன கீரை சேர்க்கலாம்? – ஓய்வு பெற்ற ஆசிரியர், விழுப்புரம்

ஐயா, கீரை அப்புறம் பாக்கலாம். இந்த வாரமே போய் சர்ஜன பாருங்க, கொலனோஸ்கோபி (ஆசனவாய் வழியா கேமரா குழாய் விட்டு பெருங்குடல பாக்கறது) பண்ணணும். உங்க வயசுல ரத்தம் கலந்து வர்றதும் எடை கொறையறதும் சேந்து வந்தா குடல்ல கட்டி இருக்கான்னு பாத்தே ஆகணும், பழைய மூலம் மேல பழிய போட்டுட்டு விட முடியாது. ஒண்ணும் இல்லன்னு வந்தா ரொம்ப சந்தோஷம். கட்டியா இருந்தாலும் சீக்கிரம் பாத்தா குணமாக்கலாம். தள்ளி போடாதீங்க ஐயா.

ஒன்றரை வருஷமா இருக்கு. ஆயின்ட்மெண்ட் ரெண்டு மாசம் முழுசா போட்டு பாத்தாச்சு. வெளிய சின்னதா தோல் தொங்குது. ஒரு டாக்டர் ஆபரேஷன்னு சொல்றார், இன்னொரு இடத்துல லேசர், வலியே இருக்காதுன்னு சொல்றாங்க. பஸ் ஸ்டாண்ட் சுவத்துல "ஒரே ஊசி, ஆபரேஷன் இல்லை"ன்னு ஒட்டியிருக்கு. ஆபரேஷன் பண்ணா மோஷன் அடக்க முடியாம போயிரும்னு ஃப்ரெண்ட் பயமுறுத்துறான். – சேலம்

தொங்குற தோல் மூலம் இல்ல, நாள்பட்ட வெடிப்பு வாசல்ல உக்கார வச்சிருக்கற காவல்காரன், புண்ணு கீழ்நுனில தோல் வீங்கி வளந்தது. அத மட்டும் வெட்டிட்டா வெடிப்பு அப்படியேதான் இருக்கும்.

ஒன்றரை வருஷம், களிம்பும் முழுசா போட்டாச்சு, அப்ப ஆபரேஷன் பத்தி பேசுறது நியாயம்தான். இது ஒண்ணும் புதுசு இல்ல, உள் வளையத்த கொஞ்சம் வெட்டி விட்டா வெடிப்பு ஆறிடுதுன்னு 1951லயே தென்னாப்பிரிக்காவுல ஐசன்ஹாமர்னு ஒரு சர்ஜன் எழுதினார், ஆனா அவர் நடுவுல வெட்டினதுல சாவித்துவாரம் மாதிரி ஒரு பள்ளம் விழுந்து கசிவு வந்துச்சு, அப்புறம் 1969ல லண்டன்ல நொட்டாரஸ் பக்கவாட்டுல வெட்டுற முறைய சொன்னார், இன்னைக்கு வரைக்கும் அதுதான். கால் மணி நேர வேல, பெரும்பாலும் மறுநாள் வீட்டுக்கு போலாம், நூத்துல தொண்ணூறு பேருக்கு மேல ஆறிடும், பல பேர் ஆபரேஷன் முடிஞ்சு போற மொதல் மோஷன்லயே "என்ன டாக்டர், பழைய வலி இல்லையே"ன்னு ஆச்சரியமா சொல்லுவாங்க.

உங்க ஃப்ரெண்ட் சொல்றது முழு பொய்யும் இல்ல. வெட்டுறது உள் வளையத்துல ஒரு பகுதி மட்டும்தான், வெளி வளையத்த தொடறதில்ல, அதனால மலம் அடக்குறது பெரும்பாலும் போகாது, ஆனா சில பேருக்கு கேஸ் அடக்குறது செரமமாகும், உள்ளாடைல லேசா கறை படும், நெறய பேருக்கு அது கொஞ்ச மாசத்துல சரியாகும், சில பேருக்கு தங்கிடும். பிரசவத்துல கிழிஞ்ச பெண்களுக்கும் ஏற்கனவே கசிவு இருக்கறவங்களுக்கும் நாங்க வெட்ட யோசிப்போம். அவங்களுக்கு போடாக்ஸ் ஊசின்னு ஒரு வழி இருக்கு, மூணு மாசம் போல தசைய தளர்த்தி வைக்கும், அதுக்குள்ள ஆறணும், செலவு கூட, திரும்ப வர வாய்ப்பும் கூட, ஆனா நிரந்தரமா எதையும் வெட்டல. விரல் விட்டு விரிக்கிற பழைய முறைய யாராவது சொன்னா வேணாம்னு சொல்லிடுங்க, எவ்ளோ கிழியுதுன்னு கணக்கே இல்லாத வேல அது.

லேசர்னா என்னன்னு கேளுங்க. "எந்த தசைய, எவ்ளோ வெட்டுவீங்க, வெடிப்புக்கா இல்ல மூலத்துக்கா?" இந்த கேள்விக்கு பதில் வரலன்னா எழுந்து வந்திருங்க. கத்தில வெட்டினாலும் லேசர்ல வெட்டினாலும் வெட்டுறது அதே தசைதான், பில்லு மட்டும்தான் வேற.

சுவத்து நோட்டீஸ் ஊசிய பத்தி என்ன சொல்ல. அதுல என்ன மருந்துன்னு போடுறவருக்கே தெரியாது. போட்ட இடம் அழுகி, சீழ் புடிச்சு, கடைசில வளையம் சுருங்கி போய் எங்ககிட்ட வந்தவங்கள நான் பாத்திருக்கேன், ஒருத்தருக்கு மலம் வெளிய வர்றதுக்கு வயித்துல பை வச்சுதான் காப்பாத்த முடிஞ்சுது. மெடிக்கல் கவுன்சில் நம்பர் இல்லாத ஆள்கிட்ட அந்த இடத்த காட்டவே காட்டாதீங்க.

இன்னொன்னு, வெடிப்பு நடுவுல இல்லாம பக்கவாட்டுல இருந்தாலோ, ரெண்டு மூணு இடத்துல இருந்தாலோ, வலியே இல்லாம பெரிய புண்ணா இருந்தாலோ உடனே ஆபரேஷனுக்கு ஒத்துக்காதீங்க. டிபி, க்ரோன்ஸ்ங்கற குடல் அழற்சி, எச்ஐவி, சிபிலிஸ்ங்கற பால்வினை நோய் இதுல ஏதாவது இருக்கான்னு மொதல்ல பாக்கணும்.

எனக்கு 34 வயசு. ஒரு வருஷமா இருக்கு, வீட்டுக்காரர்கிட்ட கூட சொல்லல. எங்க ஊர் கவர்மெண்ட் ஆஸ்பத்திரில ஆம்பள டாக்டர்தான். சீட்டு குடுக்கற இடத்துலயே என்ன வியாதின்னு சத்தமா கேப்பாங்க. எப்படி போறது டாக்டர்? – பேரும் ஊரும் வேண்டாம்

சீட்டு குடுக்கற இடத்துல "சர்ஜரி ஓபி"ன்னு ரெண்டு வார்த்த போதும், திருப்பி கேட்டா "வயித்து பிரச்சனை"ன்னு சொல்லுங்க, பொய் ஒண்ணும் இல்ல. உள்ள போயி டாக்டர்கிட்ட "மோஷன் போறப்ப வலிக்குது, ரத்தம் வருது"ன்னு மட்டும் சொல்லுங்க, மீதிய அவர் கேப்பார். ஆம்பள டாக்டரா இருந்தா நர்ஸ் ஒருத்தங்க கூட இருக்கணும், இல்லன்னா "சிஸ்டர கூப்பிடுங்க சார்"னு நீங்களே கேளுங்க, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. ஸ்கிரீன இழுத்து விட்டு, இடது பக்கமா ஒருக்களிச்சு, முழங்கால வயித்துக்கு மடக்கி படுக்க சொல்லுவாங்க, மேல ஒரு துணி போத்துவாங்க, உங்க மூஞ்சி சுவத்த பாத்து இருக்கும். பாக்குறதுக்கு ஒரு நிமிஷம் கூட ஆகாது. புடவையோ நைட்டியோ கட்டிட்டு போங்க, சுடிதார விட சுலபம்.